ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொன்ன இரண்டு ஏக்கர்

அவிநாசி,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்.

சிரஞ்சீவி ஹர்ஷிணிக்கு, அப்பா பாலகோபால் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், ஆடு நலம். டேராடூன் குளிரில் நீ நலமா, கொடுத்துவிட்ட ஸ்வெட்டரைப் போடுகிறாயா, பெட்டியிலேயே வைத்திருக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். காடும் நலம் என்று எழுதி இந்த வரிசையை முடித்திருப்பேன். முடியவில்லை. அதனால்தான் போனை எடுக்காமல் பேனாவை எடுத்தேன். போனில் என்றால் நான் கால்வாசி சொல்வதற்குள் நீ "அப்பா!" என்று ஒரு சத்தம் போடுவாய். அதற்கப்புறம் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. கடிதம் என்றால் நீ அங்கே எவ்வளவு சத்தம் போட்டாலும் எனக்குக் கேட்காது. பத்தாவதோடு நின்றவன் எழுதுவது, முன்னே பின்னே இருக்கும். கடைசிவரைக்கும் படித்துவிட்டுத் திட்டு.

போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் கொறங்காட்டில், அதுதான் தாத்தா சுற்றிலும் கிளுவை வேலி வைத்து ஆடு மாடு மேயப் புல்லுக்கென்றே விட்டிருந்த அந்த இரண்டு ஏக்கரில், என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாய். "அப்பா, பெரிய வெள்வேல் மரம் இத்தனை நிக்குது. குட்டி மரம் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்" என்றாய். இதென்ன பெரிய காரியம் என்று நானும் குனிந்து குனிந்து தேடினேன். இடுப்பு பிடித்ததுதான் மிச்சம். ஒன்றுகூட இல்லை. "ஊர்ல பெருசுங்க மட்டும் இருந்து, பள்ளிக்கூடத்துல ஒரு புள்ளைகூட இல்லைன்னா அந்த ஊருக்கு என்னங்கப்பா அர்த்தம்?" என்று நீ கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை வருஷமும் மரம் நிற்கிறது, மரம் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்து நிற்கப் போவது யார் என்று நான் பார்க்கவே இல்லை. காரணம் எல்லாம் சீமைக்கருவேலம் என்று நீதான் காட்டினாய். அது அடர்ந்துவிட்டால் நிழலுக்குக் கீழே வேறு விதை தலைதூக்க வெளிச்சம் கிடையாது, உதிர்கிற இலை மண்ணைக் கெடுக்கிறது, வேர் அடியில் இருக்கிற ஈரத்தையெல்லாம் முதலில் குடித்துவிடுகிறது. இதெல்லாம் போதாதென்று, "எலைய எந்த ஆடும் தொடாதுங்கப்பா. காய மட்டும் ருசிச்சுத் தின்னுட்டு, போற எடமெல்லாம் வெதைச்சுட்டு வரும்" என்றாய். அவ்வளவு கெட்டிக்கார மரத்தை நான் எங்கள் மில் யூனியனில்கூடப் பார்த்ததில்லை.

அப்போது நீ எனக்குக் கொடுத்த வேலை இரண்டே இரண்டு. சீமையை வேரோடு எடுக்க வேண்டும். அதன் பிறகு ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். "நானே நாலு வெள்வேல் கன்னு கொண்டாந்து நட்டுப்போடறேன் அம்மணி" என்றதற்கு, "நட்டா அது தோட்டமுங்கப்பா. தானா வந்தாத்தான் காடு. தானா வருதா இல்லையாங்கறதுதான் என் ஆராய்ச்சியே" என்றாய். அடுத்த தையில் உனக்கு வழிகாட்டுகிற மேடத்தைக் கூட்டி வருவதாகவும், உன் ஆராய்ச்சியில் ஒரு பகுதி முழுக்க நம் காட்டை நம்பித்தான் இருக்கிறது என்றும், இது போனால் இன்னொரு இடம் பார்க்க உனக்கு நாள் இல்லை என்றும் சொன்னாய். நானும் உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். முதல் வேலை கஷ்டம், இரண்டாவது வேலை சுலபம் என்று அன்றைக்கு நினைத்தேன். சிங்காநல்லூர் மில்லில் காலமெல்லாம் பிட்டராக இருந்தவன் நான். மெஷின் நின்றால் ஓடிப்போய்க் கை வைக்க வேண்டும், ஓடினாலும் எண்ணெயாவது போட வேண்டும். சும்மா நின்றால் சூப்பர்வைசர் வந்து முகத்தைப் பார்ப்பார். ரிடையர் ஆன பிறகும் எனக்கு யாரோ முகத்தைப் பார்க்கிற மாதிரியே இருக்கிறது. இதை நீ கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும்.

மாசியில் ஆள் விட்டு வெட்டினேன். வேரோடு என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் வெட்ட வந்தவர்கள் வேர் பாதாளம் வரை போகிறது, மேலோடு எடுத்தாலே செத்துப்போகும் என்றார்கள். அனுபவசாலிகள் சொல்கிறார்களே என்று விட்டுவிட்டேன். சித்திரையில் போய்ப் பார்த்தால், ஒற்றையாக நின்ற மரமெல்லாம் கூட்டுக் குடும்பமாக நின்றது. ஒரு அடிக்கட்டையில் கொத்துக் கொத்தாகக் கிளை, ஒவ்வொன்றும் என் தோள் உயரம். வெட்டியதற்கு நன்றி சொல்வதுபோல் காற்றில் தலையை வேறு ஆட்டியது. அம்மா பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்க வெட்டுனீங்களா, ஒரம் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

சரி, இனி ஆள் விட்டு வெட்டுகிற வேலை ஆகாது என்று வைகாசியில் ஜேசிபி வரவழைத்தேன். ஓட்டி வந்த தம்பி ரசாக் நல்ல பையன். "சார், இந்தக் கேட்டு மாட்டு வண்டிக்கு வெச்ச மாதிரி இருக்குதுங்க, எந்தப் பக்கமா உள்ள வரட்டும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். கிழக்கே கொஞ்சம் வேலியைத் தள்ளிக்கொண்டு வா என்று வழி காட்டியது நான். வேர் எல்லாம் வந்துவிட்டது, நிஜமாகவே வந்துவிட்டது. வெள்வேல் பக்கம் வண்டி திரும்பும்போதெல்லாம் நான் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றதால் அதில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வண்டி போன பிறகு பார்த்தால் கிழக்கு வேலியில் ஒரு லாரி போகிற அளவுக்கு வாசல். ஊர் ஆடெல்லாம் எட்டிப் பார்த்தது. கிளுவைக் கிளையை ஒடித்துப் போத்தாக நட்டு அது வேலியாவதற்கு எத்தனை மழை வேண்டும்! அதுவரைக்கும் என்ன செய்வது? நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். கையில் இருந்த முள்ளை வெட்டி, சந்தில் போட்டு அடைத்தேன். கையில் இருந்தது சீமை முள். முள்ளோடு காயும் இருந்தது. காடு முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு, வாசலில் அதையே தோரணம் கட்டிய ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சும்மா இருந்தேன். சத்தியமாக இருந்தேன். தினமும் காலையில் போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன், சாயங்காலம் போய் அந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். மண்தான் தெரிந்தது. உனக்குப் போன் செய்தால் "மழை வரட்டுங்கப்பா" என்பாய். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. மேடம் வந்து வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு உன் முகத்தைப் பார்ப்பது மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. சோறு இறங்கவில்லை. அப்போதுதான், புரட்டாசி ஆரம்பத்தில், செம்மறி மேய்க்கிற திருமூர்த்தி எதிரே வந்தார். அவர் பட்டியை யார் காட்டில் போட்டாலும் ஆடுகள் ராத்திரி அங்கே தங்கிப் புழுக்கை போடும், மண்ணுக்கு நல்ல எரு. உடனே எனக்கு மூளை வேலை செய்துவிட்டது. வெள்வேல் காயை ஆடு தின்றால் விதை வயிற்றுக்குள் ஊறி வெளியே வந்து நன்றாக முளைக்கும். சித்திரையில் உதிர்ந்த வெள்வேல் காயை அம்மா நம் ஆட்டுக்கென்று மூட்டையில் கட்டி வைத்திருக்கிறாள். அதைப் பட்டி ஆட்டுக்குப் போட்டால்? நான் நட்டதாக ஆகாது. ஆடு போட்டது. சத்தியமும் பிழைத்தது, காடும் பிழைத்தது! இந்த யோசனை வந்த அன்றைக்கு நான் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும்.

"பட்டி போடறீங்களா?" என்றேன். "போட்டுட்டாப் போகுதுங்க" என்றார் திருமூர்த்தி. கிழக்குப் பாதியில் போட்டோம். மேற்குப் பாதிக்குப் பட்டியை மாற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தினமும் சாயங்காலம் நானே கையால் வெள்வேல் காயை அள்ளிப் போட்டேன். ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுப் பேருக்குக் கொஞ்சம் தின்றன. அவ்வளவு வயிறு நிறைந்து வருகிறதே, பகலெல்லாம் எங்கே மேய்ந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தண்ணீர் வற்றிக் கிடந்த குளத்துக்குள்தான் மேய்ந்திருக்கிறது. அந்தக் குளம் கரையோடு கரை சீமைக்கருவேலம் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆட்டுக்கு நம் இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

ஐப்பசி மழைக்குக் காடு பச்சையாகிவிட்டது. விரலளவு விரலளவாகச் செடி. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "வந்துட்டாங்க நம்ம புள்ளைங்க" என்று எழுதி உனக்குப் போட்டோ அனுப்பினேன். அடுத்த நிமிஷம் நீ போனில். "அப்பா, ஏதாச்சும் ஆட்டை உள்ள விட்டீங்களா?" என்றாய். அங்கே டேராடூனில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். நான் நடந்ததைச் சொன்னேன். நீ சத்தம்கூடப் போடவில்லை. "எல்லாம் கலந்து கெடக்குதுங்கப்பா. சீமைதான் அதிகம். பொறுக்கிப் பொறுக்கிப் புடுங்கோணும். இப்ப விட்டா வெள்வேல் மறுபடியும் அமுங்கிப்போகும்" என்றாய். அந்தச் சத்தம் போடாத குரலுக்கு நீ நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

ரெண்டு செடிக்கும் என்ன வித்தியாசம் என்று நீ விளக்கமாகச் சொன்னாய். வளர்ந்த மரம் என்றால் வெள்ளைப் பட்டையை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். விரலளவு செடியில் பட்டை எங்கே இருக்கிறது? ஆனாலும் நீ சொன்ன அடையாளத்தை நான் மறக்கவில்லை. காம்புக்கு ஒரு ஜோடி, மிஞ்சினால் இரண்டு ஜோடியாகக் கிளைத்து, இலை கொஞ்சம் நீளமாக இருந்தால் அது நம் வெள்வேல். சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கிளைத்து, இலை பொடிப்பொடியாக இருந்தால் அது சீமை. இதை மனப்பாடம் செய்துகொண்டே காட்டுக்குப் போனேன். அம்மா அப்போது ஈரோட்டில் மாமா வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாள். பிழைக்க வேண்டிய செடிக்கு அடையாளம் வைப்போம் என்று பீரோவில் இருந்து பழைய சிவப்புச் சேலை ஒன்றை எடுத்துக் கிழித்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, முட்டி போட்டு, ஒவ்வொரு வெள்வேலுக்கும் ஒரு ரிப்பன் கட்டினேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மாதிரி நின்றன. முட்டி வீங்கிவிட்டது. மில்லில் ஒரு மெஷினில் சிவப்பு அட்டை தொங்கினால் அதன் பக்கத்தில்கூட ஒருத்தன் போகமாட்டான். சிவப்பு என்றால் கை வைக்காதே. இதை ஒரு ஆளுக்கு விளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

களை எடுக்கக் கிருபாவதியையும் அவள் கூட்டத்தையும் வரச்சொன்னேன். "சிவப்புத் துணி கட்டியிருக்கேன், தெரியுதுல்ல?" என்றேன். "நல்லாத் தெரியுதுங்க சார்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அம்மாவைக் கூட்டி வர பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் காட்டில் ஒரு சிவப்பு இல்லை. வேலியோரம் குவியலாகக் கிடக்கிறது, ரிப்பனோடு. "ஏனம்மா கிருபாவதி, என்ன வேல பண்ணியிருக்கறே?" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கதானுங்க செவப்பு கட்டியிருந்தீங்க? ரோடு அகலம் பண்ணறப்ப எந்த மரத்துல செவப்பு அடிச்சாங்களோ அதைத்தானுங்க வெட்டிப்போட்டாங்க. இதும் அப்படித்தான்னு ஒண்ணு விடாமப் புடுங்கிப்போட்டமுங்க" என்றாள். நான் கொஞ்சம் கத்திவிட்டேன். அவள், "முன்னயே சொல்லியிருந்தா என்னங்க? துணி பேசுமா?" என்றாள். பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, "சேல நல்ல சேலைங்க, கிழிச்சுப்போட்டீங்களே" என்று வருத்தப்பட்டாள். அப்போதுதான் அம்மா குவியலைப் பார்த்தாள். செடியைப் பார்க்கவில்லை. சேலையைத்தான் பார்த்தாள். அது பழைய சேலை இல்லையாம், பழைய சேலைக்கு அடியில் வைத்திருந்த சேலையாம். கோபம் முற்றினால் அம்மாவுக்குத் தெலுங்கு வந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு வந்த தெலுங்கில் பாதி எனக்கே புதுசு.

ஆகமொத்தம் கண்ணு, நிலவரம் இதுதான். வெள்வேல் எல்லாம் பிடுங்கியாயிற்று. மிஞ்சி நிற்பது சீமை. சீமையை வளர்க்க வேண்டும் என்றே ஒரு வருஷம் பாடுபட்டிருந்தால்கூட என்னால் இவ்வளவு ஒழுங்காக வளர்த்திருக்க முடியாது. கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். தையில் மேடத்தைக் கூட்டி வராதே. மாமாவுக்கு உடம்பு சரியில்லை, காட்டில் தண்ணி நிற்கிறது, எதையாவது சொல். நாளைக் காலையில் கிருபாவதி கூட்டத்தை மறுபடி வரச்சொல்லியிருக்கிறேன். நிற்கிறதை ஒரு செடி விடாமல் பிடுங்கிவிட்டு, இடத்தையாவது சுத்தமாக உன் கையில் கொடுத்துவிடுகிறேன். அப்பாவை நம்பினதற்கு உன் படிப்பில் ஒரு வருஷம் போயிற்றே என்பதை நினைத்தால்தான் ராத்திரி புரண்டு படுக்கிறேன், மற்றபடி முட்டி வலி தேவலாம். நீயே பார்த்துக்கொள்ள, நிற்கிற செடியில் ஒன்றைப் பிடுங்கி இந்தக் கவரில் வைத்து அனுப்புகிறேன்.

அங்கே நேரத்துக்குச் சாப்பிடு. ஸ்வெட்டரைப் போடு. நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடிந்து, பெரிய பேர் வாங்கி, அதற்குள் அப்பாவை மன்னித்து, நூறு வருஷம் நன்றாக இருக்க அவிநாசியப்பர் துணையிருப்பார். மேடத்துக்கு என் வணக்கத்தைச் சொல், காரணத்தைச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
பாலகோபால்.

பின் குறிப்பு: கவரை ஒட்டலாம் என்று பசை எடுத்துக்கொண்டு வந்தால் மேஜை மேல் வைத்த செடியைக் காணோம். நம் ஆடு பக்கத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. "ஏ ராமாமணி, ஆடு சீமைச் செடியத் தின்னுபோட்டுது, வயித்துக்கு ஏதாச்சும் ஆயிருமா?" என்று சத்தம் போட்டேன். அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, நம்ம ஆடு எந்தக் காலத்துல சீமை எலையத் தொட்டுது?" என்றாள். ஆடு பாட்டுக்கு அசைபோட்டது. அம்மா ஆட்டைப் பிடித்துக்கொண்டு நேரே காட்டுக்குப் போனாள். வேலியோரம் கிடந்த ரிப்பன் குவியலிடம் கொண்டுபோய் விட்டாளாம், மோந்துவிட்டுத் தும்மியதாம். நிற்கிற செடியிடம் விட்டாளாம், இழுத்துப் பிடிப்பதற்குள் இரண்டைக் காலி செய்துவிட்டதாம். நீ சொன்ன அடையாளத்தைத் தலைகீழாக மனப்பாடம் செய்திருக்கிறேன். சீப்புப் பல்தான் வெள்வேல். நான் பொறுக்கிப் பொறுக்கி ரிப்பன் கட்டியது அத்தனையும் சீமை, கிருபாவதி ஒண்ணு விடாமல் பிடுங்கியதும் அதையேதான். மேற்குப் பாதியில், பட்டியே போடாத இடத்திலும், பெரிய மரத்தைச் சுற்றி வெள்வேல் தானாக வந்து நிற்கிறதாம். ஆட்டுக்கும் வேலை இல்லாமல், எனக்கும் வேலை இல்லாமல்.

நாளைக்கு வரவேண்டாம் என்று கிருபாவதிக்கு அம்மாவே போன் செய்துவிட்டாள். "அப்ப அன்னைக்கு நான் செஞ்சது சரிதானுங்களா?" என்று கேட்டாளாம். "சரிதான்" என்றாளாம் அம்மா. "அப்ப சார் கத்துனதுக்கு?" என்று கேட்டாளாம். அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். மன்னிப்பு கேட்டாயிற்று. இன்னொரு சேலை வாங்கும்போது அவளுக்கும் சேர்த்து வாங்குவதாக அம்மா முடிவு செய்திருக்கிறாள்.

அதனால் மேலே எழுதிய எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. மேடத்தைக் கூட்டி வா. பட்டி போட்ட கிழக்குப் பாதியை மட்டும் எப்படி எழுதுவது என்று நீயே பார்த்துக்கொள், அதை மறைக்க வேண்டாம். வேலிச் சந்தில் இருந்த சீமை முள்ளை எடுத்துவிட்டு அம்மா தகரம் வைத்து அடைத்துவிட்டாள். கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருக்கிறாள். நான் வெளியே நாற்காலி போட்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன். பூட்டுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.